குன்னூரிலிருந்து மும்பைக்கு: விபிஎன் வாயிலை விசாரிக்கும் கட்டளை

வடகிழக்குப் பருவமழையில் பர்லியாறு பக்கம் மண் சரிந்தால், சாலையோடு சேர்ந்து அதன் ஓரமாகச் செல்லும் ஃபைபர் கேபிளும் அறுந்துபோகக்கூடும். பசுந்தேயிலை எடைக் கணக்கை மும்பையிலுள்ள அமேசான் கிளவுட் சர்வரில் வைத்திருக்கும் குன்னூர்த் தொழிற்சாலை ஒன்றில் கணக்குத் திரை அசையாமல் நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். தொழிற்சாலையை மும்பையோடு இணைப்பது விபிஎன், அதாவது பொது இணையத்தின் வழியே மறையாக்கப்பட்டுச் செல்லும் தனிப் பாதை. அதன் அமேசான் பக்க முனைதான் விபிஎன் வாயில். கோளாறு மலையிலா, மும்பையிலா என்பதைக் கட்டளை வரியில், அதாவது கட்டளைகளைத் தட்டச்சிடும் திரையில், கேட்டு அறியலாம். கைபேசியின் இணையம் அதற்குப் போதும்.

'ஏடபிள்யூஎஸ் ஈசி2 டிஸ்கிரைப்-விபிஎன்-கேட்வேஸ்' என்பது முதல் கட்டளை. நாம் தட்டும் வரியை அமேசானின் 'ஏடபிள்யூஎஸ்' கட்டளை வரி மென்பொருள் ஒரு இணையக் கோரிக்கையாக மாற்றி, நம் ரகசியச் சாவியைக் கொண்டு கணக்கிட்ட கையொப்பத்தை இணைத்து அனுப்புகிறது. சாவி நம் கணினியை விட்டு வெளியே போவதில்லை. கையொப்பத்தில் நேரமும் சேர்வதால், கணினிக் கடிகாரம் வெகுவாகப் பிசகியிருந்தால் கோரிக்கை மறுக்கப்படும். பதிலில் வாயிலின் அடையாள எண், அது இணைந்துள்ள தனி வலையமைப்பு, மாற்றாமல் விட்டிருந்தால் 64512 என்னும் ஏஎஸ் எண் (வழித்தடப் பகிர்வில் ஒரு வலையமைப்பைக் குறிக்கும் எண்), நிலை ஆகியவை வருகின்றன. மும்பைக்குப் பதில் அமேசானின் சிங்கப்பூர் வட்டாரத்தைக் கேட்டுவிட்டால் பிழைச் செய்தி வராது, வெற்றுப் பட்டியல்தான் வரும். வாயிலையே யாரோ அழித்துவிட்டார்கள் என்று பதற வேண்டியதில்லை.

நிலை 'அவைலபிள்' என்று இருப்பதைப் பார்த்து இணைப்பு நலம் என்று முடிவு கட்டுவதுதான் பெரிய தவறு. வாயில் உருவாக்கப்பட்டுத் தயாராக உள்ளது என்பதற்கு மேல் அச்சொல்லுக்குப் பொருளில்லை. மறையாக்கச் சுரங்கமோ, தொழிற்சாலை ரௌட்டரும் அமேசானும் யூடிபி 500 அல்லது 4500 என்ற இணைய வாயில் எண் (போர்ட்) வழியாகப் பேசி, சாவிகளை ஒப்புக்கொண்டு உயிரோடு வைத்திருக்கும் ஏற்பாடு. அதன் நிலையை 'டிஸ்கிரைப்-விபிஎன்-கனெக்‌ஷன்ஸ்' என்ற வேறொரு கட்டளையே சொல்லும்.

ஒவ்வொரு இணைப்புக்கும் அமேசான் இரண்டு சுரங்கங்களைத் தருகிறது. பதிலின் 'விஜிடபிள்யூ டெலிமெட்ரி' பகுதியில் அவை ஒவ்வொன்றும் 'அப்' நிலையிலா, 'டவுன்' நிலையிலா என்பதும் கடைசியாக எப்போது மாறியது என்பதும் இருக்கும். இரண்டும் ஒரே வேளையில் விழுந்திருந்தால் சந்தேகம் முதலில் நம் ரௌட்டர்மீதும் கேபிள்மீதுமே விழ வேண்டும், ஏனெனில் இரண்டுக்கும் இந்தப் பக்கம் பாதை ஒன்றுதான். ஒன்று மட்டும் விழுந்திருந்தால் அமேசானின் பராமரிப்புப் பணியாக இருக்கலாம், அல்லது இரண்டாவதை நாம் ரௌட்டரில் அமைக்கவே இல்லாதிருக்கலாம். கேபிள் அறுந்த கணமே 'டவுன்' தெரியாது. மறுமுனை மௌனமானதாகக் கொள்ளச் சிறிது நேரம் ஆகும். சுரங்கம் 'அப்' என்றிருந்தும் தரவு போகவில்லையென்றால், பிஜிபி (வழித்தடங்களை ரௌட்டர்கள் தாமாகவே பகிர்ந்துகொள்ளும் முறை) பயன்படுத்துவோர் ஏற்கப்பட்ட வழித்தடங்களின் எண்ணிக்கை சுழியமா என்று பார்க்க வேண்டும்.

இந்த இரண்டாவது பதிலை முழுதாக நகலெடுத்து யாருக்கும் அனுப்பிவிடக் கூடாது. ரௌட்டர் அமைவு விவரமும், வழக்கமாக அதற்குள் சுரங்கத்தின் இரு முனைகளும் முன்கூட்டியே பகிர்ந்துகொண்ட ரகசியச் சாவியும் எளிய எழுத்தாகவே அதில் இருக்கும். 'கொயரி' என்ற தெரிவைச் சேர்த்து டெலிமெட்ரிப் பகுதியை மட்டும் திரைக்கு வரவழைத்து, அதையே தொழில்நுட்பப் பணியாளருக்கு அனுப்பலாம்.