கோப்பியை அழித்த பூஞ்சையும் வெடித்துச் சிதறிய ரொக்கெட்டும்

மலையகத்தில் தேயிலைக்கு முன்னால் கோப்பிதான் இருந்தது, நம் முன்னோரை முதலில் இங்கே இழுத்து வந்ததும் கோப்பித் தோட்டம்தான். அது ஏன் அழிந்தது என்று கேட்டால், ஏதோ நோய் வந்தது என்பதோடு பேச்சு நின்றுவிடுகிறது. ஆனால் மென்பொருளோ விமானமோ மின்வலையமைப்போ, எந்தப் பெரிய அமைப்பைக் கட்டுகிறவரும் அந்த நோயைப் படித்தே ஆக வேண்டும்.

1869இல் இலங்கைக் கோப்பியில் ஹெமிலியா வஸ்டாட்ரிக்ஸ் என்ற பூஞ்சை அடையாளம் காணப்பட்டது. இலைக்கு அடியில் செம்மஞ்சள் தூள் படியும், அப்புறம் இலை உதிரும். 1880இல் இங்கு வந்து ஆராய்ந்த தாவரவியலாளர் மார்ஷல் வார்ட், அந்தத் தூளிலுள்ள வித்திகளை, அதாவது பூஞ்சையைப் பரப்பும் நுண்துகள்களை, காற்று சுமந்து செல்வதைக் காட்டினார். மலைக்கு மலை அதே அரபிகா கோப்பி, நடுவில் தடுக்க ஒன்றுமில்லை, ஒரு செடியைத் தாக்கத் தெரிந்த பூஞ்சைக்கு எல்லாச் செடியையும் தாக்கத் தெரிந்திருந்தது. எண்ணிக்கையில் கோடிக்கணக்கில் நின்றாலும் பூஞ்சைக்கு அது ஒரே செடிதான். கோப்பி அழிந்தது. ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் நட்ட தேயிலை, பிறகு மலைகளையெல்லாம் பிடித்துக்கொண்டது.

பொறியியலில் ஒன்று பழுதானால் இன்னொன்று இருக்கட்டும் என்று இரண்டாவதை வைப்பார்கள். ஆயிரத்தில் ஒரு தடவை பழுதாகும் கருவி இரண்டு இருந்தால், இரண்டும் சேர்ந்து பழுதாவது பத்து இலட்சத்தில் ஒரு தடவை. கணக்கு சரி, ஆனால் ஒன்றின் பழுதுக்கும் மற்றதன் பழுதுக்கும் சம்பந்தமே இல்லாவிட்டால் மட்டும்.

1996 ஜூன் 4 அன்று ஐரோப்பாவின் ஏரியன் 5 ரொக்கெட் முதல் தடவையாகக் கிளம்பியது. திசை அறியும் கருவிகள் இரண்டு, இரண்டிலும் முந்தைய ரொக்கெட்டான ஏரியன் 4இலிருந்து எடுத்த அதே மென்பொருள். புதிய ரொக்கெட்டின் வேகம் அதிகம் என்பதால் ஓர் எண் அதற்கு ஒதுக்கிய 16 பிட் இடத்தில் அடங்கவில்லை. மாற்றாக வைத்திருந்த கருவி முதலில் நின்றது, செக்கனில் பத்தில் ஒரு பங்குகூடப் போகவில்லை, முதன்மைக் கருவியும் அதே காரணத்தால் நின்றது. ரொக்கெட் சிதறியது.

அமெரிக்க விண்ணோடத்தில் வேறு வழி பார்த்தார்கள்: நான்கு கணினிகளில் ஒரே மென்பொருள், ஐந்தாவதில் வேறொரு குழு தனியாக எழுதியது. செலவு அதிகம்தான், உயிர் ஏறும் இடத்தில் அந்தச் செலவு தேவை.

ஆனால் வேறு ஆட்கள் எழுதினால் மட்டும் போதுமா? 1986இல் கணினி ஆய்வாளர்களான ஜோன் நைட்டும் நான்சி லெவ்சனும் ஒரே வேலைக்குத் தனித்தனியாக எழுதப்பட்ட 27 நிரல்களைச் சோதித்தார்கள். தற்செயலாக நடக்கக்கூடியதைவிட மிக அதிகமாக, ஒரே உள்ளீட்டில் பல நிரல்கள் சேர்ந்து தவறின. கஷ்டமான இடம் எல்லோருக்கும் கஷ்டமாகவே இருந்தது. நம் வீ.பி. மலைகளிலும், அதாவது விதை போடாமல் கிளைத் துண்டு நட்டு வளர்த்த தேயிலை மலைகளிலும், இதைக் காணலாம்: தலவாக்கலைத் தேயிலை ஆராய்ச்சி நிலையம் தந்த, 2020 என்ற இலக்க வரிசையிலுள்ள குளோன்களில் (ஒரே செடியிலிருந்து துண்டு வெட்டிப் பெருக்கிய வகைகளில்) பலவற்றின் முதற்செடிகள், இலக்கம் வேறானாலும் ஒரே தாய்ச் செடியின் விதைகளிலிருந்து வந்தவை.

ஆகவே கடைக்கோ பாடசாலைக்கோ இரண்டு இணைய இணைப்பு எடுக்கும்போது, கம்பெனி பெயர் வேறு என்பதோடு திருப்திப்படாதீர்கள். இரண்டு கேபிளும் ஒரே வீதியோரமாக வருகின்றனவா, இரண்டும் ஒரே கோபுரத்தை நம்பி இருக்கின்றனவா, அந்தக் கோபுரத்துக்கு மின்சாரம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று கேளுங்கள். மண்சரிவு விழும் வீதி என்றால் இரண்டும் ஒன்றாகவே போய்விடும்.