கேஸ் மாத்திரையும் கை நடுக்கமும்

மறுபடியும் அதே கதை. தேவகோட்டைப் பக்கத்து ஆச்சி ஒருவர். கை நடுக்கம், முகத்தில் அசைவே இல்லை, எழுந்து நிற்க இரண்டு பேர் பிடிக்க வேண்டும். "நரம்புத் தளர்ச்சிதானே டாக்டர், வயசாயிருச்சுல்ல?" என்கிறார் மகன். சத்து ஊசி போட்டே மாதங்கள் போயிருக்கின்றன. மருந்துப் பையைக் கொட்டச் சொன்னேன். அமிலத்தைக் குறைக்கும் பான்டோபிரசோலோடு லெவோசல்பிரைடு சேர்ந்த கேஸ் மாத்திரை வந்து விழுந்தது. எப்போதோ ஒரு கல்யாண விருந்துக்குப் பிறகு நெஞ்செரிச்சலுக்கு எழுதிக் கொடுத்தது, பழைய சீட்டைக் காட்டியே இன்றுவரை வாங்கிப் போட்டுக்கொண்டிருக்கிறார், தினமும் காபிக்கு முன்னால்.

நரம்புத் தளர்ச்சி என்று ஒரு நோயே கிடையாது. கை நடுங்கினாலும் அதுதான், கால் மரத்தாலும் அதுதான், தூக்கம் வராவிட்டாலும் அதுதான் என்று எல்லாவற்றுக்கும் ஒரே பெயரை வைத்துவிட்டு உண்மையான காரணத்தைத் தேடாமல் விட்டுவிடுகிறோம். வைட்டமின் பி12 குறைந்திருந்தால் ஊசி போடத்தான் வேண்டும், ஆனால் ஆச்சிக்கு வந்திருக்கும் இந்த இறுக்கம் அதில் தீராது. வயது மட்டுமே ஒருவரை இப்படி ஆக்கிவிடாது. எண்பது வயதில் விறுவிறுவென்று கோயிலுக்கு நடப்பவர்கள் காரைக்குடியிலேயே எத்தனை பேர்!

அசைவைச் சீராக வைப்பது மூளையின் ஆழத்தில் இருக்கும் பேசல் கேங்லியா என்ற பகுதி. அதற்கு டோபமின் என்ற ரசாயனம் வேண்டும். லெவோசல்பிரைடு அந்த டோபமினை வேலை செய்யவிடாமல் தடுக்கும். வயிற்றுக்கு அது உதவும், மூளைக்குள் போனால், நடுக்கமும் இறுக்கமும் தரும் மூளை நோயான பார்க்கின்சன் போலவே ஆகிவிடலாம். வாந்திக்குத் தரும் மெட்டோகுளோபிரமைடு, தலைச்சுற்றலுக்குத் தரும் சின்னாரிசின், புரோகுளோர்பெரசின் எல்லாம் இதைச் செய்யக்கூடியவைதான்.

"மறதியும் வந்துருச்சு" என்றார்கள். ஆச்சியிடமே கேட்டேன். பேத்தி கல்யாணத்துக்கு வைத்த சீரை வரிசையாகச் சொன்னார், மெதுவாக, ஆனால் தப்பில்லாமல். ஞாபகம் அப்படியே இருக்கிறது, பதில் வரத்தான் நேரமாகிறது. நடந்ததைப் பதிந்து வைப்பது மூளையின் இன்னொரு பகுதியான ஹிப்போகாம்பஸ். பல வருஷமாகப் போட்டுப் பழகிய நடுவீட்டுக் கோலத்தை யோசிக்காமல் போடவைப்பதில் பெரும்பங்கு பேசல் கேங்லியாவுக்கு. 1953இல் அமெரிக்காவில் ஹென்றி மொலேசன் என்பவருக்கு வலிப்புக்காக இரண்டு பக்க ஹிப்போகாம்பஸிலும் பெரிய பகுதியை எடுத்தார்கள். அதன்பிறகு புதிதாக நடந்த ஏறக்குறைய எதுவும் அவர் நினைவில் தங்கவில்லை. ஆனால் கண்ணாடியில் பார்த்து நட்சத்திரம் வரையும் பயிற்சியில் மட்டும் நாளுக்கு நாள் கை தேறியது, முந்தின நாள் வரைந்ததே ஞாபகம் இல்லாமல். ஞாபகமும் அசைவும் மூளையில் வேறு வேறு இடத்து வேலை. அதனால் மெதுவாகப் பேசுகிறவரைப் புத்தி மழுங்கியவர் என்று ஒதுக்கி, அவர் எதிரிலேயே அவரைப் பற்றிப் பேசாதீர்கள்.

அட்டையைத் திருப்பி உள்ளே என்ன மருந்து என்று படியுங்கள். லெவோசல்பிரைடு இருந்தால், இன்னும் வேண்டுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். பழைய சீட்டுக்கு மருந்து வாங்காதீர்கள், கடையில் கொடுத்தாலும் வாங்காதீர்கள். நிறுத்திய சில வாரங்களிலோ மாதங்களிலோ பெரும்பாலானவர்களுக்குச் சரியாகிவிடும். சிலருக்கு உள்ளே ஏற்கெனவே இருந்த பார்க்கின்சன் இதில் வெளிப்பட்டிருக்கும், அவர்களுக்கு வைத்தியம் தொடரும். மனநல மாத்திரைகளிலும் இந்த விளைவைத் தருபவை உண்டு, ஆனால் அவற்றையோ பார்க்கின்சன் மாத்திரையையோ நீங்களாக நிறுத்தவே கூடாது, ஆபத்து.

சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் பிள்ளைகளே, பெரிய வீட்டில் தனியாக இருக்கும் ஆத்தாவிடமும் அப்பச்சியிடமும் வீடியோவில் பேசும்போது மாத்திரை அட்டைகளைக் காட்டச் சொல்லுங்கள். ஒவ்வொன்றும் எதற்கு, எப்போதிலிருந்து, யார் எழுதிக் கொடுத்தது என்று கேளுங்கள்.