உவர்நீரில் ஒரு பழைய அலுமினியப் படகு

மட்டக்களப்பு வாவியில் மரத்தோணிகளும் ஃபைபர் படகுகளும் ஓடும் அளவுக்கு அலுமினியப் படகுகள் ஓடுவதில்லை. அதனால் பன்னிரண்டு அடி நீளமான பழைய அலுமினியப் படகொன்று கைமாறி வரும்போது, வாங்குபவர் அதன் நெளிவுகளையும் கீறல்களையும் பார்த்தே விலை பேசுகிறார். நெளிவு பெரும்பாலும் தோற்றக் குறை மட்டுமே. அந்தப் படகு இன்னும் எத்தனை மாரிகாலங்களைத் தாங்கும் என்பதைத் தகட்டின் மேலுள்ள, கண்ணுக்குத் தெரியாத ஒரு படலமே தீர்மானிக்கிறது.

அலுமினியம் ஒட்சிசனுடன் மிக விரைவாகத் தாக்கம்புரியும் உலோகம். காற்றுப் பட்ட கணத்திலேயே சில நனோமீற்றர் தடிப்புள்ள அலுமினியம் ஒட்சைட்டுப் படலமொன்று அதன்மேல் உருவாகிவிடுகிறது. இரும்பின் துரு பொருபொருத்து உதிர்ந்து உள்ளிருக்கும் இரும்பை மீண்டும் நீருக்குக் காட்டிக் கொடுக்கிறது. அலுமினியத்தின் படலமோ இறுகப் பற்றிக்கொண்டு, கீறப்பட்டாலும் புண்ணின் மேல் பொருக்கு வைப்பதுபோலத் தானாகவே மீள உருவாகிறது. ஆனால் அதற்கு ஒட்சிசன் வேண்டும். உப்புநீரிலுள்ள குளோரைட்டு அயன்கள் படலத்தின் நலிந்த புள்ளிகளை உடைக்கின்றன. அந்த இடத்துக்கு ஒட்சிசனும் எட்டாவிட்டால் படலம் மீளாது; கரையும் அலுமினியம் நீருடன் தாக்கம்புரிந்து அங்கே அமிலத்தை உண்டாக்க, ஊசித்துளை போன்ற குழி ஆழமாகிக்கொண்டே போகும்.

ஆகவே பழுதுபார்ப்பின் முதல் வேலை, படகின் உள்ளே இருப்பவற்றைக் கழற்றுவதாகும். ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும் விரிப்பு, நீரூறிய பழைய நுரைப்பஞ்சு, அடித்தட்டில் தேங்கிய மணலும் சேறும் ஆகிய மூன்றின் அடியிலும் உப்புநீர் ஒட்சிசனின்றி அடைபட்டுக் கிடக்கிறது. அவற்றைத் தூக்கிய இடத்தில் வெள்ளைத் தூள் படிந்திருந்தால் அது அலுமினியம் ஐதரொட்சைட்டு. அதன் அடியில் குழிகளைத் தேடவேண்டும். இரும்பில் பாவித்த கம்பித்தூரிகையால் அதைத் தேய்க்கக்கூடாது. அதிலிருந்து தகட்டில் பதியும் இரும்புத் துணுக்குகளே புதிய அரிப்பைத் தொடக்கிவிடும்.

இரண்டாவது ஆபத்து வேறு உலோகங்களிலிருந்து வருகிறது. மின்பகுபொருளாகிய உப்புநீரில் இரண்டு உலோகங்கள் ஒன்றையொன்று தொட்டிருந்தால் அது ஒரு மின்கலமாகிறது. இலத்திரன்களை எளிதில் இழப்பது அனோட்டாகிக் கரைய, மற்றையது கதோட்டாகித் தப்பிக்கொள்கிறது. செம்பு, பித்தளை, ஈயம், துருவேறா உருக்கு ஆகிய எல்லாவற்றுக்கும் எதிரே கரைவது அலுமினியமே. அடித்தட்டின் ஈரத்தில் விழுந்து கிடக்கும் சிறு செம்புக் கம்பித்துண்டுகூடக் காலப்போக்கில் தகட்டைத் துளைக்கப் போதுமானது. வீச்சுவலையின் ஈயமணிகளை நனைந்தபடியே தகட்டின்மேல் குவித்து வைக்கும் பழக்கத்தையும் இதனால்தான் விடவேண்டும். வலைக்கென ஒரு பிளாஸ்டிக் கூடை போதும். பாசி பிடியாதிருக்கப் பூசும் வர்ணங்களில் பல செம்புச் சேர்வைகளைக் கொண்டவை; ஃபைபர் படகுக்கு அவை நல்லவை, அலுமினியத்துக்கு நஞ்சு. துருவேறா உருக்குச் சுரைகளைப் பாவிப்பதைத் தவிர்க்க முடியாத இடத்தில், நைலோன் வளையங்களும் பசையும் இட்டு அவற்றைத் தகட்டிலிருந்து பிரித்து வைக்கலாம்.

இதே விதியை நமக்குச் சாதகமாகத் திருப்புவதே கதோட்டுப் பாதுகாப்பு. அலுமினியத்தைவிட எளிதில் கரையும் உலோகக் கட்டியொன்றைப் படகின் அடியில் பூட்டினால், கட்டி கரைந்து படகு பிழைக்கும். எந்த உலோகக் கட்டி என்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். அம்பாறையில் கல்லோயாத் திட்டத்தின்கீழ் அமைந்த சேனநாயக்க சமுத்திரம் என்னும் நீர்த்தேக்கத்தில் ஓடும் படகு இருப்பது நன்னீரில். நன்னீர் மின்னை நன்கு கடத்தாது. நாகக் (துத்தநாகக்) கட்டியின்மேல் அங்கே ஒரு படை மூடி அதைச் செயலற்றதாக்கிவிடும். அதனால் நன்னீருக்கு மகனீசியம் பொருத்தமானது. அதே படகை அந்த நீர்த்தேக்கம் உள்ள இங்கினியாகலையிலிருந்து மட்டக்களப்புக்குக் கொண்டுவந்து, கட்டியை மாற்றாமல் வாவியில் இறக்கினால் நிலைமை தலைகீழாகும். உப்புநீரில் மகனீசியத்தின் மின்னழுத்தம் ஏறத்தாழ −1.6 வோல்ற்று, அலுமினியத் தகட்டினது −0.75 வோல்ற்று அளவில். இவ்வளவு பெரிய வேறுபாட்டில் கட்டி வேகமாகக் கரைவதோடு, தகட்டின் மேற்பரப்பில் காரத்தன்மை கூடி ஒட்சைட்டுப் படலமே கரையத் தொடங்கும். வர்ணமும் கொப்பளித்து எழும்பும்.

சுமார் 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் மட்டக்களப்பு வாவி பாலமீன்மடுவிலும் கல்லாற்றிலும் கடலோடு சேர்கிறது. மாரி வெள்ளம் வரும்போது அதன் நீர் நன்னீரை நெருங்குகிறது. கோடையில், முகத்துவாரத்தின் நிலையைப் பொறுத்து, உவர்ப்பு மீண்டும் ஏறுகிறது. ஆண்டுக்குள்ளேயே இப்படி மாறும் நீருக்கு, நாகமும் இந்தியம் என்னும் உலோகமும் சிறிதளவு கலந்த அலுமினியக் கலப்புலோகக் கட்டியே என் தெரிவு. கடல்நீரில் அதன் மின்னழுத்தம் ஏறக்குறைய −1.10 வோல்ற்று, நாகம் செயலற்றுப்போகும் உவர்நீரிலும் அது வேலை செய்யும். கட்டியின்மேல் வர்ணம் பூசக்கூடாது; அது வெற்றுத் தகட்டைத் தொட்டு, எப்போதும் நீருக்கடியில் இருக்கவேண்டும். வெளியே பூட்டிய கட்டி படகின் உள்ளே தேங்கும் நீரிலிருந்து தகட்டைக் காக்காது என்பதையும், கரையேற்றிய படகில் அது வேலை செய்யாது என்பதையும் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. கரையேற்றியதும் அடைப்பானைக் கழற்றி நீரை வடியவிட்டு, நன்னீரால் கழுவுவதற்கு ஈடான பாதுகாப்பு வேறில்லை.

ஒழுக்கைக் கண்டுபிடிக்கப் படகைத் தாங்கிகளின்மேல் வைத்து, உள்ளே சில அங்குலம் நீர் ஊற்றி, வெளியே சொட்டும் இடங்களைக் குறித்துக்கொள்ளலாம். தளர்ந்த றிவெற்று ஆணிகளைப் பின்புறம் கனமான இரும்பைப் பிடித்து அடித்து இறுக்கலாம். துளை பெருத்திருந்தால் ஒரு அளவு பெரிய அலுமினிய ஆணி வேண்டும். கடையில் எளிதாகக் கிடைக்கும் குழல் ஆணிகளில் நடுவே துளை இருப்பதால் நீர் புகும். அதற்குள் தங்கும் உருக்குத் துண்டும் துருப்பிடிக்கும். அடைத்த முனையுள்ள, முழுதும் அலுமினியமான ஆணியையே கேட்டு வாங்கவேண்டும்.

வெடிப்புக்கு வெல்டிங் செய்வது இரும்பு வேலைபோல அல்ல. அலுமினியம் 660 பாகை செல்சியசில் உருகும். அதன் ஒட்சைட்டு உருகுவதற்கு 2000 பாகைக்கு மேல் வேண்டும். எனவே மேற்படலம் திண்மமாக நிற்கும்போதே உள்ளே உலோகம் உருகி ஓட்டையாகிவிடும். ஆடலோட்ட மின்னும் ஆகன் வாயுவும் கொண்டு செய்யும் முறையில், மாறிமாறி ஓடும் மின்னின் ஒரு திசைக்குரிய ஒவ்வொரு அரைச்சுற்றிலும் படலம் உடைக்கப்படுகிறது. அந்த வசதியில்லாத பட்டறையில் மெல்லிய தகட்டைக் கொடுப்பதைவிட, எபொக்சியும் ஒட்டுத்தகடும் ஆணியும் கொண்டு மூடுவது நல்லது. சுரண்டிய தகட்டில் படலம் உடனே திரும்பிவிடுவதால், எபொக்சியைப் பூசி அதன் ஈரத்திலேயே மீண்டும் தேய்த்தால் பிடிப்பு உறுதியாகும்.

படகை விருப்பப்படி மாற்றுவோர் பெரும்பாலும் நடு இருக்கையை வெட்டி இடம் பெருக்குகிறார்கள். அந்த இருக்கை இரு பக்கத் தகடுகளையும் விலகாமல் பிடித்திருக்கும் குறுக்குத் தாங்கி. அதை எடுத்தால் ஈடாக விலா எலும்புச் சட்டங்கள் வேண்டும். நின்று வலை வீசுவதற்கான தளத்தை இயன்றவரை தாழ்வாக அமைக்கவேண்டும், ஏனெனில் ஈர்ப்பு மையம் உயர உயரப் படகு எளிதில் சரியும். தளத்துக்குச் செம்பு மருந்தேற்றிய பலகை ஆகாது. எபொக்சி பூசிய சாதாரண ஒட்டுப்பலகை போதும். விளக்குக்கும் நீரிறைப்பானுக்கும் மின்கலத்திலிருந்து இரு கம்பிகளையும் தனித்தனியே இழுக்கவேண்டும். தகட்டையே ஒரு கம்பியாகப் பாவித்தால், கசியும் மின் ஆண்டுகளில் நிகழும் அரிப்பை வாரங்களில் செய்துமுடிக்கும்.

இருக்கைகளின் அடியிலிருந்து எடுத்த நுரைக்கு ஈடு வைக்காமல் படகை நீரில் விடக்கூடாது. அலுமினியம் நீரைவிட 2.7 மடங்கு அடர்த்தியானது. நிறைந்து மூழ்கும் 100 கிலோ தகட்டை நீர் 37 கிலோ அளவுக்குத்தான் தாங்கும். மீதி 63 கிலோவைத் தாங்க ஏறத்தாழ 65 லீற்றர், நீரை உறிஞ்சாத மூடிய கண்ணறை நுரை வேண்டும். இயந்திரத்துக்கும் ஆட்களுக்கும் அதற்கு மேலும் வேண்டும். அந்த நுரையை அடித்தட்டோடு ஒட்டாமல், கீழே நீர் வடிந்தோட இரண்டு விரல் இடைவெளி விட்டுப் பொருத்தவேண்டும்.