இல்லாத பாடகிக்கு வாசித்த இசைக்குழு

ஆங்கிலேயப் பாடகி காத்லீன் ஃபெரியர் 1953 அக்டோபர் 8-ம் தேதி, 41 வயதில், மார்பகப் புற்றுநோயால் இறந்தார். அதற்குச் சரியாக ஓராண்டு முன்பு, 1952 அக்டோபர் 7, 8 தேதிகளில், லண்டன் கிங்ஸ்வே ஹாலில் டெக்கா இசைத்தட்டு நிறுவனத்துக்காக பாக், ஹேண்டல் என்ற இசையமைப்பாளர்கள் இருவரின் எட்டுப் பாடல்களைப் பாடினார். ஏட்ரியன் போல்ட் நடத்த, லண்டன் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழு வாசித்தது. நோய் அப்போதே அவர் உடலில் இருந்தது. குரலில் அதன் தடமே இல்லை.

நான் அடிக்கடி கேட்பது ஹேண்டலின் 'மெசையா'வில் வரும் பாடலை. வேடமும் நடிப்பும் இல்லாமல் குரல்களும் இசைக்குழுவும் மட்டுமே கதை சொல்லும் ஆரட்டோரியோ அது. 1742-ல் டப்ளினில் முதலில் அரங்கேறியது. பாடலின் வரிகள் பைபிளின் ஏசாயா நூலிலிருந்து வருபவை: "அவர் அசட்டைபண்ணப்பட்டவரும், மனுஷரால் புறக்கணிக்கப்பட்டவரும்..."

பெண் குரல்களில் மிகத் தாழ்ந்த வகையான கான்ட்ரால்ட்டோ ஃபெரியருடையது. இந்தப் பாடல் பெரும்பாலும் 230 முதல் 470 ஹெர்ட்ஸுக்குள்தான் நடக்கிறது. ஆனால் குரல் நாண்கள் அதிரும்போது அந்த அடிப்படைச் சுரத்தோடு அதன் இரண்டு, மூன்று, நான்கு மடங்கு மேற்சுரங்களும் பிறக்கின்றன. தொண்டையும் வாயும் சிலவற்றை வளர்க்கும், சிலவற்றை அடக்கும். 'இது ஃபெரியர்' என்று ஒரே நொடியில் நமக்குச் சொல்வது இந்தக் கலவைதான். 'ஸ்' போன்ற மெய்யொலிகள் இன்னும் மேலே, பல ஆயிரம் ஹெர்ட்ஸில் இருக்கின்றன. பழைய இசைத்தட்டுகள் அவற்றை விழுங்கிவிடும். டெக்காவின் முறையோ ஏறக்குறைய 14,000 ஹெர்ட்ஸ் வரை எட்டியது. போர்க்காலத்தில் நீர்மூழ்கிக் கப்பல்களின் ஒலிகளைப் பிரித்தறியச் செய்த வேலையிலிருந்து வளர்ந்தது அது.

ஆனால் 1952 பதிவு மோனோ, எல்லா ஒலியும் ஒரே தடத்தில். சில ஆண்டுகளில், இடமும் வலமும் தனித்தனித் தடமாக வரும் ஸ்டீரியோ வந்துவிட்டது. பாடகி இல்லை. டெக்கா என்ன செய்தது தெரியுமா? 1960-ல் அதே போல்ட், அதே இசைக்குழுவைக் கூட்டி, பழைய பதிவின் மேல் பக்கவாத்தியத்தை மட்டும் ஸ்டீரியோவில் புதிதாக வாசிக்க வைத்தது.

பழைய வாத்தியங்களை நீக்கிவிட்டு அதைச் செய்யவில்லை. அப்போது நீக்கவும் வழியில்லை. மோனோ நாடாவில் ஒவ்வொரு கணமும் ஒரே ஓர் அளவுதான் பதிகிறது. குரல் 3, வயலின் 4 என்றால் நாடாவில் இருப்பது 7. அரைத்த மாவிலிருந்து அரிசியையும் உளுந்தையும் தனியே எடுப்பது போன்ற வேலை அது.

அதனால் பழைய வயலினைப் புதிய வயலினுக்கு அடியில் ஒளித்தார்கள். உட்காதின் நத்தைச்சுருளில் ஒவ்வொரு அலைவெண்ணுக்கும் ஓர் இடம் உண்டு. பலத்த ஒலி ஓரிடத்தை அதிர வைத்தால், அதே இடத்துக்கு வரும் மெல்லிய ஒலி நமக்குக் கேட்காது. இரண்டு வாசிப்புகளும் சில பத்து மில்லி விநாடிகளுக்குள் சேர்ந்து வந்தால் மூளை அவற்றை ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும்.

சரி, குரல் எங்கே கேட்கும்? பக்கவாட்டிலிருந்து வரும் ஒலி ஒரு காதைவிட மறு காதை அதிகபட்சம் 0.6 மில்லி விநாடி அளவு தாமதமாக அடையும். திசையை அறிய அது ஒரு முக்கியக் குறிப்பு. மோனோ குரலோ இரண்டு ஒலிபெருக்கிகளிலும் ஒரே மாதிரி வருகிறது. அதனால் நட்ட நடுவில் நிற்பதாகத் தோன்றும். தனிப்பாடகி மேடையில் நிற்பதும் ஏறக்குறைய அங்கேதானே! சுற்றிலும் புதிய வாத்தியங்கள் விரிகின்றன.

கஷ்டமெல்லாம் வாசித்தவர்களுக்குத்தான். நேரில் என்றால் பாடகி மூச்செடுக்க நடத்துநர் காத்திருப்பார், வயலின் தயங்கினால் பாடகி இழுத்துப் பிடிப்பார். 1960-ல் ஒரு பக்கம்தான் விட்டுக்கொடுக்க முடியும். அதுவும் இந்தப் பாடலில் குரல் ஒரு சிறு தொடரைப் பாடி நிற்கும், தந்திகள் பதில் சொல்லும், மறுபடி குரல் வரும். ஒளிய அங்கே அதிக இடமில்லை. போல்ட்டின் பொறுமையை வியக்கிறேன்.

ஆனாலும் நான் திரும்பிப் போவது மோனோவுக்குத்தான். குரல் நின்றதும் வயலின்கள் மெதுவாகப் பதில் சொல்லும் அந்த இடத்தில், வாசிப்பவர்கள் அவர் மூச்செடுப்பதை அதே அறையில் இருந்து கேட்டவர்கள்.