போஸ்ட்மார்ட்டம்: தோற்ற கட்சிக்கு எந்தச் சொல்?

பொதுத்தேர்தல் முடிவு வந்த மறுநாளே கோலாலம்பூரில் இந்தச் சொல் கிளம்பிவிடும். தோற்ற கட்சியின் தலைவர் ஒலிவாங்கிகளுக்கு முன்னால் நின்று, "போஸ்ட்மார்ட்டம் செய்வோம்" என்பார். மலாய்ச் செய்தியில் அது 'பெடா சியாசாட்'. தமிழுக்கு வரும்போது 'சவப் பரிசோதனை' அல்லது 'பிரேதப் பரிசோதனை'. மொழிபெயர்ப்பு என் வேலை என்பதால் நானும் பல முறை அப்படியே எழுதியிருக்கிறேன். இப்போது எழுதுவதில்லை.

சொல்லின் பிறப்பைப் பார்ப்போம். லத்தீனில் 'போஸ்ட்' என்றால் பின், 'மோர்ஸ்' என்றால் சாவு. அந்த மோர்ஸ் வேற்றுமை ஏற்று 'மோர்ட்டெம்' ஆகிறது. ஆக, மொத்தப் பொருளே 'சாவுக்குப் பின்' என்பதுதான். அறுப்பது, ஆராய்வது எதுவும் இந்த இரண்டு சொல்லுக்குள் இல்லை. ஆங்கிலேயர் 'சாவுக்குப் பிந்திய பரிசோதனை' என்று முழுசாகச் சொல்லி வந்து, பிறகு பரிசோதனையை விட்டுவிட்டார்கள். சீட்டாட்டக்காரர்களும் சதுரங்கக்காரர்களும் ஆட்டம் முடிந்தபின் உட்கார்ந்து பேசுவதற்கு இதே சொல்லை எடுத்துக்கொண்டார்கள். அப்புறம் அலுவலகத்துக்கும் அரசியலுக்கும் வந்தது.

இதே வேலைக்கு ஆங்கிலத்தில் 'ஆட்டாப்சி' என்றும் ஒரு சொல் உண்டு. அது கிரேக்கம். 'தன் கண்ணால் காண்பது' என்பது அதன் மூலப்பொருள். சாவே இல்லாத சொல் அது. 2012 அதிபர் தேர்தலில் தோற்ற அமெரிக்கக் குடியரசுக் கட்சி 2013 மார்ச்சில் வெளியிட்ட அறிக்கையை எல்லாரும் இந்தப் பெயரால்தான் அழைத்தார்கள். லத்தீன் அமெரிக்க வழியினரின் ஓட்டைப் பெற வேண்டும், குடிநுழைவுச் சட்டத்தைச் சீர்திருத்த வேண்டும் என்றது அறிக்கை. 2016இல் அதற்கு நேர் எதிராகப் பேசிய டிரம்ப் அதே கட்சிக்கு வெற்றி தேடித் தந்தார். அறிக்கை எழுதுவது வேறு, கட்சி எழுந்திருப்பது வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

மலாயின் 'சியாசாட்' இன்னும் சுவையானது. அரபு மொழியின் 'சியாசத்' என்றால் ஆளுகை, அரசியல். அந்தச் சொல் மலாயில் இரண்டாகப் பிரிந்து, 'சியாசா' அரசியலைக் குறிக்கிறது, 'சியாசாட்' விசாரணையைக் குறிக்கிறது. ஒரு வயிற்றில் பிறந்த இரண்டு சொற்கள்.

தமிழில் நாம் வைத்துக்கொண்டவை சவமும் பிரேதமும். இரண்டும் வடசொல். பிரேதம் என்றால் 'போய்விட்டது' என்று பொருள். நாம் 'போய்ச் சேர்ந்துவிட்டார்' என்கிறோமே, அதே நினைப்பு. தமிழ்நாட்டில் இப்போது 'உடற்கூறாய்வு' என்று எழுதுகிறார்கள், நல்ல சொல். கூறு என்றால் பகுதி. தீபாவளிக்கு நாலு குடும்பம் சேர்ந்து ஆடு வாங்கிக் கூறு போடுவார்களே, அந்தக் கூறுதான். மருத்துவமனைக்கு இது போதும், மிகப் பொருத்தம். ஆனால் கட்சிக்கு?

2018 மே மாதம், கோலாலம்பூர் செந்தூலில் ஒரு கடையின் அஞ்சடியில், அதாவது கடைமுன் நடைபாதையில், நடந்த கிளைக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். தோற்ற கட்சிகளில் ஒன்றின் கிளை. சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி இருபது போட்டிருந்தார்கள், பாதி காலி. பல தேர்தலாக வீடு வீடாக ஏறி ஓட்டுக் கேட்ட ஓர் அக்கா, பள்ளிப் பிள்ளைகளின் நோட்டுப் புத்தகம் ஒன்றை மடியில் வைத்திருந்தார். அடுக்குமாடி வீட்டு எண்கள் வரிசையாக எழுதி, சிலதற்குச் சரி போட்டு, பலதற்கு வெறும் கோடு இழுத்திருந்தார். "தலைவரே, 2013ல இந்த ப்ளாக்குல கதவத் தொறந்து தண்ணி குடுத்தாங்க. இந்தத் தடவ உள்ள டிவி சத்தம் கேக்குது, யாரும் வரல. கோடு போட்டதெல்லாம் அப்படித்தான்" என்றார். "சரிக்கா, மேல போஸ்ட்மார்ட்டம் பண்ணுவாங்க, பாத்துக்குவாங்க" என்றார் கிளைத் தலைவர். அந்த நோட்டுப் புத்தகத்தை யாரும் கேட்டு வாங்கவில்லை. அவர் அதைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அன்றிலிருந்து அந்தச் சொல் எனக்குக் கசந்துவிட்டது.

பிணத்தை அறுப்பவர் வெளியாள். பிணம் பேசாது. முடிவு தெரிந்தாலும் பிணம் பிழைக்காது. சொல் இந்த மூன்றையும் சேர்த்துத்தான் கட்சிக்குள் கொண்டுவருகிறது: மேலே ஒரு குழு போடுவார்கள், கீழே இருப்பவர்கள் வாயைத் திறக்க வேண்டியதில்லை, அறிக்கை அலமாரிக்குப் போகும்.

உண்மையில் தேர்தலில் தோற்ற கட்சி செத்துப்போவது அரிது. 2004இல் அன்வாரின் கெஅடிலான் கட்சி நாடாளுமன்றத்தில் ஒரே ஓர் இடத்தில்தான் வென்றது, பினாங்கின் பெர்மாத்தாங் பாவ். நான்கே ஆண்டில், 2008 மார்ச்சில், 31 இடம். அதே 2008 தேர்தலில், 1969 முதல் பினாங்கை ஆண்ட கெராக்கான் கட்சிக்கு அங்கே ஒரு சட்டமன்ற இடம்கூடக் கிடைக்கவில்லை. ம.இ.கா. (மலேசிய இந்தியர் காங்கிரஸ்) நாடாளுமன்றத்துக்குப் போட்டியிட்ட 9 இடங்களில் 3 மட்டும் மிஞ்சியது. சுங்கை சிப்புட்டில் அதன் தலைவர் சாமிவேலுவே தோற்றார். 2010 டிசம்பர் வரை தலைவர் பதவியில் அவர்தான் இருந்தார்.

2018 மே 9 இன்னும் பெரியது. சுதந்திரத்திலிருந்து நாட்டை ஆண்ட கூட்டணி, இன்றைய பெயரில் தேசிய முன்னணி, 222இல் 79 இடத்தோடு இறங்கியது. அதில் தலைமைக் கட்சியான அம்னோ 54, ம.இ.கா. 2, ம.சீ.ச. (மலேசிய சீனர் சங்கம்) 1, கெராக்கானுக்கு ஒன்றுமில்லை. மூன்றாம் நாளே, பிரதமராக இருந்து தோற்ற நஜிப் அம்னோ தலைவர் பதவியை விட்டார், ஜூன் 30இல் கட்சித் தேர்தல், ஸாஹிட் தலைவராக வந்தார். கெராக்கான் கூட்டணியை விட்டு வெளியேறியது. அம்னோவின் எம்.பி.க்களும் ஒவ்வொருவராகக் கழன்றார்கள். கூட்டணி எழுந்தது எங்கே என்று பார்த்தால், 2019 ஜனவரியில் கேமரன் மலை இடைத்தேர்தலில். ம.இ.கா. தன் தொகுதியை விட்டுக்கொடுத்தது. பூர்வக்குடியைச் சேர்ந்த ரம்லி முகமட் நோர் கூட்டணிக்காக நின்று வென்றார். தன் இடத்தை விடுவது எந்தக் கட்சிக்கும் வலிக்கும். ஆனால் அங்கு வாழும் மக்களைப் பார்த்து எடுத்த முடிவு அது, வேலை செய்தது. அடுத்து செமினி, ரந்தாவ் இடைத்தேர்தல்களிலும் வெற்றி. செப்டம்பரில் அம்னோ பாஸ் என்ற இஸ்லாமியக் கட்சியோடு உடன்பாடு செய்தது.

2020இல் ஆட்சியும் திரும்பியது, எம்.பி.க்கள் அணி மாறியதால். ஓட்டு திரும்பவில்லை. 2022 நவம்பரில் மக்கள் மறுபடி வாக்களித்தபோது தேசிய முன்னணிக்குக் கிடைத்தது 30. உடம்பு எழுந்து நடந்தது, நோய் உள்ளேயே இருந்தது.

அதனால்தான் மருந்து அதிகாரத்தின் 948ஆம் குறளுக்குப் போகிறேன்.

நோய்நாடி நோய்முதல் நாடி அதுதணிக்கும்
வாய்நாடி வாய்ப்பச் செயல்.

நோய் எது, அதன் காரணம் எது, தணிக்கும் வழி எது என்று மூன்று முறை நாடிவிட்டு, கடைசியில் 'செயல்' என்று நிற்கிறது. இங்கே 'முதல்' என்பதற்குக் காரணம், வேர் என்று பொருள். நோய்முதல் போலத் தோல்விமுதல் என்று சொல்லலாம். 'தோல்விமுதல் நாடல்' என்பதே நான் முன்வைக்கும் சொல். நோயாளி உயிரோடிருக்கிறார், அவரிடமே கேட்க வேண்டும், கேட்டபின் மருந்து கொடுக்க வேண்டும் என்ற கடமையெல்லாம் இதில் தானாக வந்துவிடுகிறது.

'தோல்வி' என்ற சொல்லையும் ஒரு நிமிடம் பாருங்கள். கல் என்பதிலிருந்து கல்வி, கேள் என்பதிலிருந்து கேள்வி, தோல் என்பதிலிருந்து தோல்வி. தோலுதல் என்றால் தோற்பது. மூன்றிலும் அதே 'வி' விகுதிதான்.

மற்றச் சொற்கள் ஏன் வேண்டாம் என்றால், 'மீளாய்வு' தேர்வுத்தாளுக்கும் வரவு செலவுக்கும் போய்விட்டது. 'அலசல்' துணியை நீரில் அலசுவது போல மேலாகச் செய்வது. தொலைக்காட்சிப் பேச்சுக்கு அது சரி. 'சுயபரிசோதனை' நல்ல எண்ணத்தில் வந்த சொல், ஆனால் தலைவர்கள் சொல்லிச் சொல்லித் தேய்ந்துவிட்டது.

செய்தித் தலைப்பில் இடம் போதாதபோது 'தோல்வி ஆய்வு' என்று எழுதுகிறேன். உள்ளே, "கட்சி தோல்விமுதல் நாடும் குழுவை அமைத்தது" என்று எழுதலாம். 'தோல்வியாய்வு' என்று சேர்த்தால் வாசிக்கும்போது தடுக்குகிறது, பிரித்தே எழுதுங்கள்.