ஸ்கீமா என்னும் சட்டகம்

வரைபடத்தில் ஒரு சுவரைத் தொட்டுக் காட்டி, "இது எத்தனை சுவர்?" என்று கட்டட வடிவமைப்பாளரிடம் கேட்டால் நம்மை ஏற இறங்கப் பார்ப்பார். 18 மீட்டருக்கு ஒரே கோடாக ஓடுகிறது, ஆகவே அவருக்கு அது ஒன்று. அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் மூன்று அறைகள், இந்தப் பக்கம் நீண்ட நடைகூடம். கட்டடம் எவ்வளவு குளிரூட்டல் கேட்கும் என்று கணக்கிடும் பொறியாளருக்கு அது மூன்று சுவர், ஏனென்றால் ஒவ்வோர் அறைக்கும் நடைகூடத்துக்கும் இடையே வெப்பம் போய்வரும் கணக்கு தனித்தனி. கொத்தனார் சுவரை எண்ணவே மாட்டார்; செங்கல் எத்தனை, சிமென்ட் எத்தனை மூட்டை என்பார். மூவர் சொல்வதும் சரி. ஆனால் மூவரின் கணினிகளும் ஒரே கோப்பைத் திறந்து வேலை செய்ய வேண்டுமென்றால், சுவர் என்றால் எது என்று யாராவது உட்கார்ந்து எழுதி வைத்தாக வேண்டும். அப்படி எழுதி வைத்ததற்குப் பெயர் ஸ்கீமா.

ஸ்கீமாவில் தரவு கிடையாது. எந்தத் தரவு வரலாம், எந்தப் பெயரில் வரலாம், எது கட்டாயம், எது எதற்குள் அடங்கும் என்ற விதிகள் மட்டுமே இருக்கும். நிரப்பாத விண்ணப்பப் படிவம் போல என்று சொல்லலாம். ஆனால் படிவத்தில் இல்லாத ஒன்று இதில் உண்டு. ஒரு கட்டத்தில் எழுதியதற்கும் இன்னொரு கட்டத்தில் எழுதியதற்கும் உள்ள உறவையும் இது சொல்லிவிடும்.

கட்டடத் துறையில் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு ஜிபிஎக்ஸ்எம்எல். பசுமைக் கட்டடத்துக்கான எக்ஸ்எம்எல் என்பது அதன் பெயரின் பொருள்; எக்ஸ்எம்எல் என்பது ஒவ்வொரு தரவுக்கும் பெயர்க்குறி போட்டு எழுதும் கோப்பு முறை. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் கிரீன் பில்டிங் ஸ்டுடியோ என்ற நிறுவனம் 1999இல் இதை உருவாக்கத் தொடங்கியது. வடிவமைப்பாளர் கணினியில் கட்டடத்தை முழுக்க வரைந்து முடித்த பிறகும், ஆற்றல் கணக்குப் போடுபவர் அதே கட்டடத்தை அறை அறையாக, ஜன்னல் ஜன்னலாக மீண்டும் தட்டச்சு செய்துகொண்டிருந்த காலம் அது. ஒரு கட்டடத்தை இருமுறை கட்டுவது போன்ற வேலை. நான்கு ஜன்னல் விட்டுப்போனாலும் கேட்பாரில்லை. இரண்டு மென்பொருள்களுக்கு இடையே மொழிபெயர்ப்பான் எழுதினால் தீராதா என்றால், தீராது. பத்து மென்பொருள்கள் இருந்தால், போக ஒன்று வர ஒன்று என்று 90 மொழிபெயர்ப்பான்கள் வேண்டும். பொதுவான ஸ்கீமா ஒன்று நடுவில் இருந்தால் ஒவ்வொரு மென்பொருளுக்கும் இரண்டு வீதம் 20 போதும்.

இதே காலத்தில் வளர்ந்த இன்னொரு பொதுத் தரம் ஐஎஃப்சி. அதை வளர்த்த கூட்டமைப்புக்கு இன்று பில்டிங்ஸ்மார்ட் என்று பெயர். ஐஎஃப்சி 2013இல் ஐஎஸ்ஓ 16739 என்ற எண்ணோடு உலகத் தரமானது. கதவுக் கீல் முதல் குழாய் வரை கட்டடத்தின் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்பது ஐஎஃப்சியின் ஆசை. ஜிபிஎக்ஸ்எம்எல்லுக்கு அவ்வளவு ஆசை கிடையாது. வெப்பம் எங்கே நுழைகிறது, எங்கே வெளியேறுகிறது என்பதற்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டது. அது பரவலாகப் புழங்குவதற்கு இந்த அடக்கமும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

உள்ளே எட்டிப் பார்ப்போம். வளாகத்துக்குள் கட்டடம், கட்டடத்துக்குள் அறை என்று அடுக்கு இறங்குகிறது. சுவர், தரை, கூரை எல்லாமே "பரப்பு" என்ற ஒரே இனம். ஒவ்வொரு பரப்பும் தான் எந்த அறையை ஒட்டி நிற்கிறது என்று சொல்லும். வெளிச்சுவர் என்றால் ஓர் அறையின் பெயர் இருக்கும். உட்சுவர் என்றால் இரண்டு. நிழலுக்காக ஜன்னலுக்கு மேல் நீட்டிய பலகைக்கு எந்த அறையும் இல்லை. இரண்டுக்கு மேல் எழுத ஸ்கீமா விடாது. நாம் முதலில் பார்த்த 18 மீட்டர் சுவர் மூன்றாகப் பிரிவது இங்கேதான். பரப்புக்குப் பருமனும் கிடையாது. அது வெறும் தளம், பருமன் வேறோர் இடத்தில் பொருள் அடுக்குகளின் பட்டியலில் இருக்கும். மூலைப் புள்ளிகளை வெளியே நின்று பார்க்கும்போது இடஞ்சுழியாக எண்ண வேண்டும். வலஞ்சுழியாக எண்ணினால் சுவரின் முகம் உட்புறம் திரும்பிவிடும்.

அலகு விஷயத்தில் ஸ்கீமா கறார். நீளம், பரப்பளவு, கன அளவு, வெப்பநிலை எந்த அலகில் என்று கோப்பின் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். இதன் அருமை எனக்குப் பட்டுத்தான் தெரிந்தது. ஒருமுறை வெளிநாட்டிலிருந்து வந்த அட்டவணையில் சுவரின் யு-மதிப்பு, அதாவது ஒரு சதுர மீட்டர் வழியே ஒரு டிகிரி வேறுபாட்டுக்கு எவ்வளவு வெப்பம் கசியும் என்ற அளவு, 0.4 என்று இருந்தது. அலகு இல்லை. மெட்ரிக் என்று எடுத்துக்கொண்டேன். பிரமாதமான சுவர் என்று வியக்கவும் செய்தேன். அது அமெரிக்க அலகு. மெட்ரிக்கில் மாற்ற 5.678ஆல் பெருக்க வேண்டும், விடை 2.27. நம் ஊரில் காப்புப் பொருள் எதுவும் வைக்காமல் எழுப்பும் ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் ஏறக்குறைய அந்த நிலையில்தான் இருக்கும். பிரமாதம் ஒன்றுமில்லை. குளிரூட்டும் கணக்கை முழுக்கத் திரும்பப் போட்டேன்.

இனி ஸ்கீமா என்ற சொல்லுக்கும் அதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்பதற்கும் வருவோம். கிரேக்கத்தில் ஸ்கேமா என்றால் வடிவம், தோற்றம், உடல் நிற்கும் நிலை. நடனத்தில் ஆடுபவர் பிடித்து நிற்கும் நிலைக்கும் அந்தச் சொல்தான். "பிடித்திரு", "உடைமையாகக் கொண்டிரு" என்று பொருள்படும் எகெய்ன் என்ற வினையிலிருந்து பிறந்தது. தர்க்கத்தில் வாதங்களின் வடிவ வகைகளுக்கு அரிஸ்டாட்டில் இதைப் பயன்படுத்தினார். லத்தீன் வழியாக ஆங்கிலம் போனபோது இது இரண்டு பிள்ளைகளைப் பெற்றது: ஒன்று ஸ்கீமா, மற்றது ஸ்கீம். தரவுத்தளக்காரர்கள் முன்னதை எடுத்துக்கொண்டார்கள். பின்னதை நம் நகைக்கடைகள் மாதச் சேமிப்புக்கு வைத்துக்கொண்டன.

இந்த உறவை நம்பி ஸ்கீமாவைத் "திட்டம்" என்று மொழிபெயர்த்தால் காரியம் கெடும். திட்டம் இனி நடக்கப்போவதைச் சொல்வது. ஸ்கீமாவுக்கு அந்தக் கவலையே இல்லை. "வார்ப்புரு" டெம்ப்ளேட்டுக்குப் போய்விட்டது, திரும்பக் கேட்க முடியாது. "படிவம்" தட்டையானது.

என் மனம் முதலில் போனது "கட்டளை" என்ற சொல்லிடம். இன்று அதற்கு உத்தரவு என்ற பொருளே முன்னால் நிற்கிறது. பழைய பொருள்கள் வேறு. "கருமமே கட்டளைக் கல்" என்கிற குறளில் அது பொன்னை உரைத்துப் பார்க்கும் கல். செங்கல் அறுக்கும் அச்சுக்கும் கட்டளை என்று பெயர் உண்டு. கட்டளைக் கலித்துறையில் ஒற்று நீக்கி எண்ணினால், நேரசையில் தொடங்கும் அடிக்கு 16 எழுத்து, நிரையசையில் தொடங்கும் அடிக்கு 17; ஒன்று கூடினாலும் குறைந்தாலும் பாட்டு தள்ளுபடி. எண்ணிச் சரிபார்க்கும் விதி, அச்சு, உரைகல் மூன்றையும் ஒரே சொல் தாங்குகிறது! ஸ்கீமாவுக்கு இதைவிடப் பொருத்தமாக எது கிடைக்கும்? ஆனால் கணினித் தமிழில் கமாண்டுக்குக் கட்டளை என்று எப்போதோ எழுதிக்கொடுத்துவிட்டோம். "கட்டளைக் கோப்பு" என்று இன்று எழுதினால், இயக்க வேண்டிய நிரல் என்றுதான் படிப்பார்கள். மனமில்லாமல் விட்டுவிட்டேன்.

மிஞ்சியது சட்டகம். கண்ணாடிக்கும் படத்துக்கும் போடுகிற சட்டம் நமக்குத் தெரியும். நீதிமன்றத்துச் சட்டமும் தெரியும். தாங்கிப் பிடிப்பது, மீறவிடாதது என்ற இரண்டையும் சொல்ல ஒரே சொல் வைத்திருக்கிற மொழி இது. சட்டகத்துக்கு வடிவு, உடல் என்ற பொருள்களையும் அகராதிகள் தருகின்றன. கிரேக்கச் சொல்லின் பொருளும் அதுவே. "கோட்பாட்டுச் சட்டகம்" என்று விமர்சகர்கள் எழுதுவதோடு குழம்பாமலிருக்க, முதல்முறை வரும்போது "தரவுச் சட்டகம்" என்றும் பிறகு சட்டகம் என்றும் எழுதலாம். "கோப்பு சட்டகத்துக்கு உட்படவில்லை", "சட்டகச் சரிபார்ப்பில் தவறியது", "புதிய பதிப்பின் சட்டகத்தில் இந்த உறுப்பு நீக்கப்பட்டது" என்றெல்லாம் எழுதிப் பார்த்தேன். எங்கும் இடறவில்லை.

ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். சட்டகம் சரிபார்ப்பது வடிவத்தை, உண்மையை அல்ல. சில மாதங்களுக்கு முன் வந்த ஒரு கோப்பில், வரைந்தவர் ஓர் அறையின் எல்லையைச் சுவருக்குச் சற்று முன்பே நிறுத்தியிருந்தார். அந்தப் பக்கம் அறை இருப்பதே மென்பொருளுக்குத் தெரியவில்லை. சுவருக்கு ஓர் அறையின் பெயர்தான் கிடைத்தது, ஆகவே அதை வெளிச்சுவர் என்று பதிந்துவிட்டது. கட்டடத்தின் நட்டநடுவே, லிஃப்டுக்குப் பக்கத்தில் இருந்த அந்தச் சுவரின் மேல் வெயில் படுவதாகவே ஆண்டு முழுவதற்கும் கணக்கு ஓடியது. சட்டகச் சரிபார்ப்பில் கோப்பு பிழையே இல்லாமல் தேறியிருந்தது.