இடது கையே ஒரு இசைக்குழு: பூகி வூகி பியானோவின் சூட்சுமம்

1938 டிசம்பர் 23 அன்று நியூயார்க்கின் கார்னகி ஹால் மேடையில் மூன்று பியானோக்காரர்கள் ஏறினார்கள். ஆல்பர்ட் ஆமன்ஸும் மீட் லக்ஸ் லூயிஸும் சிகாகோவில் டாக்ஸி ஓட்டியவர்கள். லூயிஸ் 1927-லேயே இசைத்தட்டு ஒன்று பதிவு செய்திருந்தும் பிழைப்புக்குக் கார் கழுவ வேண்டியிருந்தது. மூன்றாமவர் பீட் ஜான்சன், கான்சாஸ் சிட்டியில் டிரம்ஸ் வாசித்துவிட்டுப் பியானோவுக்கு வந்தவர். அவரோடு வந்த பாடகர் பிக் ஜோ டர்னர், மதுக்கடையில் கிளாஸ்களை நிரப்பிக்கொண்டே பாடியவர்.

இவர்கள் வாசித்தது பூகி வூகி என்ற பியானோ நடை. அது டெக்சாஸ், லூசியானா பக்கத்து மரம் வெட்டும் முகாம்களில் கறுப்பினத் தொழிலாளர்களிடையே வளர்ந்தது. அங்கிருந்த சாராயக் கொட்டகையில் அடிவாங்கிய பியானோ ஒன்று கிடக்கும். டிரம்ஸுக்கும் பேஸுக்கும் ஆள் கிடையாது. ஆடுகிறவர்களின் காலடிச் சத்தத்தை மீறித் தாளம் கேட்க வேண்டும். அந்த வேலை முழுவதும் வாசிப்பவரின் இடது கையில் விழுந்தது.

இந்த இசையில் ஒரு பாருக்கு, அதாவது தாளத்தின் ஒரு கட்டத்துக்கு, நான்கு தட்டு. இடது கை ஒவ்வொரு தட்டையும் இரண்டாகப் பிளந்து எட்டாக்குகிறது. சி, ஈ, ஜி, ஏ என்ற சுரங்களில் ஏறி, பி ஃபிளாட்டைத் (பி-க்கு அரைச் சுரம் கீழே) தொட்டு, வந்த வழியே இறங்குவது பலரும் வாசிக்கும் ஒரு நடை. இப்படி 12 பார் ஓடினால், கறுப்பின அமெரிக்கர்களின் பாட்டு வடிவமான புளூஸில் ஒரு சுற்று: முதல் நான்கு பார் சி-யை அடிச் சுரமாக வைத்து, அடுத்து எஃப் இரண்டு, மறுபடி சி இரண்டு, கடைசி நான்கில் ஜி, எஃப் வழியாக மீண்டும் சி. நிமிடத்துக்கு 160 தட்டு வேகத்தில் ஒரு சுற்று 18 விநாடி. அதற்குள் இடது கை 96 முறை விழுந்தாக வேண்டும். இந்தச் சுற்று எல்லோருக்கும் மனப்பாடம் என்பதால், முன்பின் பழகாதவர்கள்கூட ஒத்திகை இல்லாமல் சேர்ந்து வாசித்துவிடலாம்.

சிரமம் வலது கை சேரும்போதுதான். மேசையில் இடது கையால் இரண்டு தட்டு தட்டுங்கள்; அதே நேரத்துக்குள் வலது கையால் மூன்று தட்டிப் பாருங்கள். ஒரு கை இன்னொன்றைத் தன் பக்கம் இழுக்கும். இரண்டு கைகளும் ஒரே தாளத்தில் சேர்ந்துகொள்ளவே விரும்புகின்றன. பழகப் பழக இடது கை யோசிக்காமலே ஓடும். அப்புறம்தான் கவனம் வலது கைக்குப் போகும். லூயிஸின் ரயில் புளூஸ் பதிவில் இதைத் தெளிவாகக் கேட்கலாம்: கீழே சக்கரம் மாறாமல் உருளும், மேலே வலது கை அதற்குக் குறுக்கே வேறு கணக்கில் ஓடும். எனக்கு அந்த மூவரில் மிகவும் பிடித்தவர் அவர்தான்.

அடுத்தது சுரம். புளூஸ் பாடகர் மூன்றாம் சுரத்தை மேஜருக்கும் (நம் அந்தர காந்தாரம் போல) மைனருக்கும் (சாதாரண காந்தாரம் போல) நடுவே எங்கோ நிறுத்துவார். கித்தார்காரர் தந்தியை இழுத்து அதைப் பிடிப்பார். பியானோவில் வழியில்லை, ஹார்மோனியத்தில் கமகம் வராத அதே சிக்கல். அதனால் சி-யை அடிச் சுரமாக வைத்து வாசிக்கும்போது, மைனரான ஈ ஃபிளாட்டிலிருந்து மேஜரான ஈ-க்கு விரலை வழுக்கவிடுவார்கள், அல்லது இரண்டு கட்டைகளையும் சேர்த்தே நசுக்குவார்கள். நடு ஸ்தாயியில் ஒன்று சுமார் 311 ஹெர்ட்ஸ், மற்றது 330. சேர்ந்து ஒலிக்கும்போது சத்தம் விநாடிக்குப் பதினெட்டு, பத்தொன்பது முறை ஏறி இறங்கும். காதால் அதை எண்ண முடியாது. ஒரு கரகரப்பாகத்தான் உணர்வோம். நடுவிலுள்ள சுரம் பியானோவில் இல்லை. ஆனால் அந்தக் கரகரப்பு பாடகரின் தொண்டைக்கு வெகு அருகில் வந்துவிடுகிறது.

கார்னகி கூட்டத்தில் ஆல்ஃபிரட் லயன் என்பவரும் இருந்தார். சில நாட்களில், 1939 ஜனவரி 6 அன்று, ஆமன்ஸையும் லூயிஸையும் அழைத்துப் பதிவு செய்தார். புளூ நோட் என்ற ஜாஸ் இசைத்தட்டு நிறுவனம் அப்படித்தான் தொடங்கியது. பிறகு 1950-களின் ராக் அண்ட் ரோலில், சக் பெர்ரி போன்றவர்கள் பியானோவின் அந்த இடது கை நடையைக் கித்தாரின் கீழ்த் தந்திகளுக்குக் கொண்டுபோனார்கள்.